ஐந்தில் ஒன்று

உலத், கொனக்ட், லையின், முமு. நான்கு வந்துவிட்டது. ஐந்தாவதுக்கு முன்னால் வழிகாட்டி ஓர்லா எப்போதும் ஒரு மூச்சு நிறுத்துவாள். ஒலிவாங்கியை உதட்டிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு, ஐரிஷ் மொழியில் மாகாணத்துக்குக் கூகெ என்று பெயர், கூகெ என்றால் ஐந்தில் ஒன்று, எங்களிடம் இன்று இருப்பதோ நான்கு, அப்படியானால் ஐந்தாவது எங்கே போனது என்று கேட்பாள். பஸ்ஸில் இருக்கும் அமெரிக்கர்களும் ஜெர்மன்காரர்களும் அது தங்கள் இருக்கைக்கடியில் உருண்டு கிடப்பதுபோல ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு அவளே சொல்வாள், மிதெ. மிதெ என்றால் நடு. நான்கு நாடுகளும் வந்து முட்டுகிற நடு, தாரா மலையும் அதன் அரசனும் இருந்த நடு, பிறகு பக்கத்து மாகாணம் மெல்ல மெல்ல விழுங்கிவிட்ட நடு. சாரதி இருக்கையிலிருந்து புவனேந்திரன் இதை எத்தனை தடவை கேட்டிருப்பான் என்று அவனுக்கே தெரியாது. சில நாட்களில் அவள் மூச்சு நிறுத்துகிற இடத்தில் அவனுக்கும் மூச்சு நின்றுவிடும். இன்றைக்கு நின்றதா என்று நினைவில்லை. இப்போது ஓர்லா மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் தாரா மலைக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். மலை என்று சொல்கிறார்களே தவிர அது மலையில்லை, புல் முளைத்த ஒரு நீண்ட முதுகு, ஆடுகள் மேய்கின்றன. மழையும் மழையில்லை, கண்ணாடியில் யாரோ ஊதிவிட்டதுபோல ஓர் ஈரம். வைப்பரை ஒருமுறை போட்டான், துடைத்தது, திரும்பவும் பூத்தது. கைபேசி முன்தட்டில் கவிழ்ந்து கிடந்தது. அதைத் திருப்பிப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே திருப்பிப் பார்த்தான். ஒன்றுமில்லை. தங்கை சுகிர்தா இந்நேரம் டோகாவில் இறங்கியிருப்பாள். அங்கே விமானம் மாறி ஏறினால் இன்று பின்னேரம் டப்ளின். இன்று பின்னேரம். கைபேசியைத் திரும்பவும் கவிழ்த்து வைத்தான். லீவு எடுங்கோவன் என்று மனைவி ரதி கேட்டாள், தங்கச்சி வாற நாளிலயும் வேலையோ. வீட்டில் இருந்தால் அவள் விரித்து வைத்திருக்கிற புதுப் படுக்கை விரிப்பைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும், கணவாய்க் கறியின் வாசம் அறை அறையாக வருவதை முகரவேண்டும். பஸ் என்றால் கையும் காலும் தங்கள்பாட்டில் வேலை செய்யும். ஆனால் பஸ்ஸும் கடைசியில் நின்றுதானே ஆகவேண்டும்.

மேலே அவர்கள் இப்போது அந்த மேட்டடியில் நிற்பார்கள். இருந்த இடத்திலிருந்து பார்த்தால் அது தெரியாது, தெரியாமல் இருப்பதற்காகவே அவன் பஸ்ஸை எப்போதும் வேலியோரம் முகம் திருப்பி நிறுத்துகிறானோ என்று இப்போதுதான் தோன்றியது. பணயக்கைதிகளின் மேடு. உள்ளே ஒரு சின்னக் கல்லறை, வாசலில் இரும்புக் கம்பி, பூட்டு. கல்லறை அரசர்களுக்கெல்லாம் ஆயிரமாயிரம் வருடம் மூத்தது, பெயர்தான் பிறகு வந்தது என்று ஓர்லா சொல்வாள், ஆனால் அதை யாரும் கேட்பதில்லை, பெயரைத்தான் கேட்பார்கள். ஓர் அரசன் பெரிய அரசன் என்று எப்படித் தெரியும்? அவன் வீட்டில் மற்ற அரசர்களின் பிள்ளைகள் இருப்பார்கள். உலத் அரசனின் மகன், கொனக்ட் அரசனின் மகன், லையின் அரசனின் மகன், முமு அரசனின் மகன். நல்ல சாப்பாடு, நல்ல உடுப்பு, விருந்தில் இடம். தகப்பன் ஊரில் தலையைத் தூக்கினால் இங்கே பிள்ளையின் தலை போகும். நியால் என்று ஓர் அரசன், ஒன்பது பணயக்கைதிகளின் நியால் என்றே அவனுக்குப் பெயர், ஐந்து மாகாணத்திலிருந்தும் ஒவ்வொருவர், கடலுக்கு அப்பாலிருந்து நால்வர் என்று சிலர் கணக்குச் சொல்கிறார்கள், அவன் உண்மையாக இருந்தானா என்பதே சந்தேகம் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். முதல்தடவை இதைக் கேட்டபோது புவனேந்திரன் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒருவர் என்று ஓர்லா சொன்னதும் வீட்டுக்கு ஒருவர் என்று காதுக்குள் கேட்டது. வீட்டுக்கு ஒருவர், வீட்டுக்கு ஒருவர். முன்னால் போன லொறியின் சிவப்பு விளக்கு கிட்ட வந்துவிட்டது, பிரேக்கை அழுத்தியதில் பின்னால் யாரோ ஒரு கிழவி ஐயோ என்றாள், எந்த மொழியில் என்று தெரியாது, ஐயோ என்றுதான் கேட்டது. ஊரில், விசுவமடுவில், சண்டைக்கு வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கம் கேட்ட காலத்தில் அவன் இங்கே ஓர் உணவகத்தின் பின்கட்டில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். வீட்டில் இருந்தது அம்மாவும் சுகிர்தாவும். கிளிநொச்சித் தொலைத்தொடர்பு நிலையம் ஒன்றிலிருந்து அம்மா போன் எடுத்தார். இரைச்சல், தன் குரலே தனக்குத் திரும்பி வருகிற இரைச்சல். தம்பி, பிள்ளையைக் கொண்டுபோட்டாங்கள். அவ்வளவுதான் சொன்னார். இணைப்புப் போய்விட்டதா, அம்மா வைத்துவிட்டாரா, தெரியாது. கையில் சவர்க்கார நுரை இருந்தது. பெரிய பிள்ளை இருந்திருந்தால் பெரிய பிள்ளையைத்தானே கேட்டிருப்பார்கள். பெரிய பிள்ளையைத்தான் ஏற்கெனவே கப்பலும் லொறியுமாக ஏற்றி அனுப்பியாயிற்றே. ஆகவே சின்னது. இந்த 'ஆகவே'தான் அவனுக்குள் கிடந்தது, முள்ளாகக்கூட இல்லை, எலும்பைப்போல, உடம்போடு வளர்ந்த ஒன்றாக.

வன்னியிலும் மாகாணங்கள் இருந்தன. பனங்காமப்பற்று, மேல்பற்று, முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவாடி. பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார் இவற்றை ஒரே மூச்சில் சொல்லவைப்பார். ஒவ்வொன்றுக்கும் வன்னியன் என்று ஒரு தலைவன், யாழ்ப்பாண அரசனுக்குத் திறையாக யானை அனுப்புவார்கள், மனம் வந்தால் அனுப்புவார்கள், வராவிட்டால் காடு இருக்கிறது. முழு நாட்டுக்கும் அடங்காப்பற்று என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லும்போது வாத்தியாரின் வழுக்கைத் தலை கொஞ்சம் நிமிரும். இதை ஒருநாள் ஓர்லாவுக்குச் சொல்லிப்பார்த்தான், தேத்தண்ணீர் குடிக்கும்போது. அடங்காத நாடு என்பதற்கு அவனுக்கு இங்கிலிஷ் வரவில்லை, கட்டுக்குள் வராத நாடு என்று ஏதோ சொன்னான். அவள் கண்ணை விரித்து, 'நாங்களும் அப்படித்தானே இருந்தோம், மாட்டைக் கேட்டு வருவார்கள், கொடுக்கமாட்டோம், சண்டை' என்று சிரித்தாள். அவளுக்கு லையின் மாகாணம். லையின் என்றால் ஈட்டி என்று ஒரு கதை உண்டு. முமு என்றால் என்ன? முமு. குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது சொல்கிற சொல்போல இருக்கிறது. முமு அரசன் வருகிறான், வாயைத் திற. சுகிர்தாவுக்கு ஊட்டியிருக்கிறான், அவளுக்கு மூன்று வயது இருக்கும், முருங்கைக்காய்ச் சாற்றை முகமெல்லாம் பூசிக்கொள்வாள். தமிழில்கூட ஐந்துதான், குறிஞ்சி முல்லை மருதம் நெய்தல், நான்கு நிலத்துக்கும் நிலம் இருக்கிறது, பாலைக்கு மட்டும் தனக்கென்று இடம் கிடையாது, மற்றது காய்ந்தால் அது பாலை. ஐந்தாவதாக வருவதற்கு எங்கேயுமே இடம் இல்லையோ. உலத்தில் ஓர் அரசன் இருந்தான், கொங்கல், தாராவையும் ஆண்டவன் என்கிறார்கள், ஒருநாள் தேனீ கொட்டி அவனுக்கு ஒரு கண் போய்விட்டது. உடம்பில் குறை வந்தவன் தாராவில் இருக்கக்கூடாது, இறக்கிவிட்டார்கள். ஈட்டி இல்லை, வாள் இல்லை, தேனீ. சுற்றுலாக்காரர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். அவனும் சிரித்திருக்கிறான், சுகிர்தாவின் இடக்கண் போன செய்தி வரும்வரைக்கும். ஷெல் துண்டு, அரிசிமணி அளவு என்றாள், வீடியோவில் விரலை நுள்ளிக் காட்டினாள். இவ்வளவுதான் அண்ணா. பால் சேகரிக்கிற கூட்டுறவுச் சங்கத்தில் இப்போது வேலை, ஒரு கண்ணால் பார்த்தே பாலில் தண்ணீர் கலந்ததைக் கண்டுபிடிப்பேன் என்று பகிடி விட்டாள். அவள் பகிடி விடும்போதுதான் அவனுக்குப் பயம். ஒரு நாளைக்கு இந்தப் பகிடி நின்று, ஏன் அண்ணா நீங்கள் வரவேயில்லை என்று கேட்பாள். கடவுச்சீட்டு வந்தபிறகும் அவன் போகவில்லை. சண்டை முடிந்தும் போகவில்லை. போன மாசியில் அம்மா செத்தபோதும் போகவில்லை, தகனத்தைக் கைபேசியில் பார்த்தான், யாரோ பிடித்திருந்த கைபேசி ஆடிக்கொண்டிருந்தது, வானம் தெரிந்தது, ஒரு காகம், பிறகு யாருடையதோ செருப்பு. டிக்கெட் எடுக்கமுடியாமல் இல்லை. சுகிர்தாவின் முகத்துக்கு முன்னால் போய் நிற்கமுடியாமல். எனக்குப் பதிலாகத்தானே நீ போனாய், என்று சொல்லவேண்டும். வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் சொல்லிப்பார்த்திருக்கிறான். எனக்குப் பதிலாக நீ. உனக்குப் பதிலாக நான். எப்படிச் சொன்னாலும் சொற்கள் கால் மாறி நின்றன. இன்று பின்னேரம் அவளே வருகிறாள்.

கைபேசி அதிர்ந்து முன்தட்டின் சரிவில் ஊர்ந்தது. எடுக்கிற அவசரத்தில் அது கீழே விழுந்து பிரேக்குக்கு அடியில் போய்விட்டது. குனிந்து தடவி எடுத்தான்.

"அண்ணா, கேக்குதே?"

"ஓம் சுகி, கேக்குது. டோகாவோ? இறங்கிட்டியோ? கேட்டைக் கண்டுபிடிச்சிட்டியோ?"

"கேட்டுக்கு முன்னாலதான் இருக்கிறன். இன்னும் கூப்பிடேல்லை. அண்ணா, வேலையோ? பேந்து எடுக்கட்டோ?"

"இல்லை இல்லை, சனம் மேல போயிட்டுது. நான் சும்மா இருக்கிறன். சொல்லு."

அவளுக்குப் பின்னால் அறிவிப்பு ஒன்று, சக்கரப் பெட்டிகள் உருள்கிற சத்தம், ஒரு குழந்தையின் அழுகை. அவன் கையால் கண்ணாடியைத் துடைத்தான், உள்பக்கத்தை, ஈரம் வெளிப்பக்கத்தில் இருந்தது.

"அண்ணா, ஒரு கதை சொல்லோணும். வந்து இறங்கினாப்பிறகு சொல்லலாம் எண்டுதான் இருந்தனான். ஆனால் உங்கட முகத்தைப் பாத்துச் சொல்லேலாது போல கிடக்கு. இப்ப சொல்லிப்போட்டு ஏறுறன். நீங்கள் இடையில கதைக்கக்கூடாது."

"சரி."

"என்னை ஒருத்தரும் கொண்டுபோகேல்லை. நானாத்தான் போனனான்."

மலைச் சரிவில் ஓர் ஆடு நின்று அவனைப் பார்த்தது. அதன் விலாவில் நீலச் சாயத்தில் ஓர் அடையாளம்.

"அண்ணா?"

"ம்."

"அம்மா உங்களுக்குப் பொய் சொன்னவ. பக்கத்து வளவுக் கோசலையும் நானும் அம்மா சந்தைக்குப் போன நேரம் வெளிக்கிட்டனாங்கள். கடிதம் கிடிதம் ஒண்டும் வைக்கேல்லை. அடுப்பில சோறு வடிச்சு மூடிப்போட்டுத்தான் போனனான். ஒருத்தரும் வந்து கேக்கேல்லை, எங்கட ஒழுங்கைக்கு அந்தக் கிழமை இயக்கக்காரர் வரேல்லை. பிள்ளை தன்னை விட்டுட்டுப் போட்டுது எண்டு அம்மாவுக்குச் சொல்ல ஏலாமல் போச்சு. கொண்டுபோட்டாங்கள் எண்டால் ஊரும் அழும், நீங்களும் அழுவியள். பேந்து சண்டை முடிஞ்சு நான் முகாமால வந்தாப்பிறகு அம்மா கையைப் பிடிச்சுக் கேட்டவ, அவனுக்குச் சொல்லிப்போடாதை எண்டு. அம்மா இருக்குமட்டும் சொல்லேல்லை."

"ஏன் போனனீ?" என்று கேட்டுவிட்டான். இடையில் கதைக்கக்கூடாது என்றதை மறந்துபோனான்.

"அதுதான் எனக்கும்... அப்ப எல்லாரும் போனவை எண்டு சொல்லலாம். அது பொய் இல்லை. ஆனால் அது மட்டும் இல்லை அண்ணா. நீங்கள் போனாப்பிறகு வீட்டில எல்லாம் நீங்கள்தான். அண்ணா எடுப்பான், அண்ணா சொன்னவன், அண்ணா கூப்பிடுவான், அதுவரைக்கும் இரு. நான் ஆரோ விட்டுட்டுப் போன சாமான் மாதிரி இருந்தனான். எனக்கெண்டு ஒரு முடிவு எடுக்கோணும் போல இருந்தது. சரியான முடிவெண்டு நான் சொல்லேல்லை. அங்க போய் ரெண்டாம் நாளே அழுதனான். கோசலை திரும்பி வரேல்லை, அதை இப்பவும் நினைச்சு எழும்புறனான். ஆனால் அது நான் எடுத்தது. என்ர வாழ்க்கையில நானா எடுத்த ஒரே முடிவு. அதையும் நீங்கள் உங்கட கணக்கில போட்டு வைச்சிருக்கிறியள். ஒவ்வொருக்காலும் போன் எடுத்து என்னாலதான் என்னாலதான் எண்டு நீங்கள் அழேக்க எனக்கு எப்பிடி இருக்கும் சொல்லுங்கோ? முதல் பாவமா இருந்தது. பேந்து பேந்து கோவம் வந்தது."

அவன் வாயைத் திறந்தபோது வந்த சொல், "சாப்பிட்டியோ?"

அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது. "விமானத்தில ஏதோ தந்தவை, பாண் மாதிரி. கூப்பிடுறாங்கள் அண்ணா. வைக்கட்டே?"

"வை. பாத்து வா."

வைத்துவிட்டாள். கைபேசி சூடாக இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்தான், எடுத்தான், திரும்பவும் முன்தட்டில் வைத்தான். நானாத்தான் போனனான். முதலில் வந்தது நிம்மதி இல்லை. நிம்மதி வரவேண்டிய இடத்தில் ஓர் ஆத்திரம் வந்தது, அதுவும் அம்மாமேல், செத்துப்போன அம்மாமேல், அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு வரியைச் சொல்லி வைத்துவிட்டுப் போன அம்மாமேல். அந்த ஒரு வரியைக் கேட்டுவிட்டு அவன் எப்படியெல்லாம் வாழ்ந்திருக்கிறான். கலியாணத்துக்கு மேளம் வேண்டாம் என்றான். கடல் பார்க்கப் போகலாம் என்று ரதி கேட்டால் வேறு சாட்டுச் சொல்வான். ஒரு நல்ல சட்டை போட்டால் அன்றைக்கு முழுக்கக் கூச்சம். பிறகு ஆத்திரம் அம்மாவை விட்டு நழுவியது, ஏனென்றால் அம்மா அந்தச் சோற்றுப் பானையைத் திறந்து பார்த்திருப்பார், பார்த்தது அவனுக்கு இப்போது தெரிந்தது, சந்தையிலிருந்து வந்து பையை இறக்கிவைத்து, சுகி என்று கூப்பிட்டு, மூடியைத் திறந்து, ஆவி. ஒரு தாய்க்கு அதைவிட ஒரு பொய் சொல்வது இலேசு. பிறகு வந்தது வெட்கம். தானே ஒரு பெரிய அரசன்போலவும், தன் தலைக்குப் பதிலாக ஒரு பிள்ளையை எங்கேயோ விட்டுவந்தவன்போலவும் இத்தனை வருடம் இருந்திருக்கிறான். வன்னியில் நடந்த எல்லாவற்றுக்கும் நடுவில் தன்னைக் கொண்டுபோய் உட்காரவைத்திருக்கிறான். நான் போனேன், ஆகவே அவள். அந்த 'ஆகவே'யைத் தொட்டுப் பார்த்தான். அது அங்கே இல்லை. இல்லாத இடம் வலித்தது. அவளுக்கும் ஒரு மனம் இருந்தது என்று அவன் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அவள் கொண்டுபோகப்பட்டவள், கண் போனவள், பாவம், தங்கச்சி. அடுப்பில் சோறு வடித்து மூடிவிட்டு, கதவைச் சாத்தி, ஒழுங்கையில் இறங்கி நடந்த ஒருத்தியை அவன் சந்தித்ததே கிடையாது. அவள் என்ன உடுப்புப் போட்டிருந்தாள்? திரும்பிப் பார்த்தாளா? கோசலையோடு ஏதாவது கதைத்துக்கொண்டு போனாளா, பகிடி விட்டாளா? கேட்கவேண்டும். கேட்டால் சொல்வாளா தெரியாது. முதல்தடவையாக அவளிடம் கேட்பதற்கு ஏதோ இருந்தது.

கதவில் தட்டினார்கள். ஓர்லா. குடையிலிருந்து தண்ணீர் சொட்ட அவள் படியில் நின்று, 'என்ன புவன், ஆவி கண்டவன்போல இருக்கிறாய், மேட்டுக்குள்ளிருந்து யாராவது வந்தார்களா?' என்றாள்.

'இல்லை' என்றான். 'என் சகோதரி போன் எடுத்தாள். இன்று வருகிறாள்.'

'அட, சொல்லவேயில்லையே. மூத்தவளா, இளையவளா?'

'இளையவள்' என்றான். 'அவளுக்கு முப்பத்தெட்டு வயது.' அதைச் சொன்னபோது அவனுக்கே புதிதாக இருந்தது. நனைந்த சப்பாத்துகளும் ஈரக் கம்பளி வாசமுமாகச் சனம் ஏறியது. கதவை மூடினான். மீதி நாள் முழுவதும் அவன் பஸ்ஸை எங்கெங்கே ஓட்டினான் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. ஓர்லா அரசர்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவன் கேட்கவில்லை.

பின்னேரம் விமான நிலையத்தில் கதவு திறந்து திறந்து மூடியது. ரதி குளிருக்கு ஒரு மேலங்கியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவன் சொல்ல நினைத்து வைத்திருந்ததெல்லாம் காலாவதியாகிவிட்டது. ஒரு பெரிய குடும்பம் வந்தது, பிறகு இரண்டு கன்னியாஸ்திரிகள், பிறகு அவள். வீடியோவில் பார்த்ததைவிடக் கட்டையாக, குதிரைவால் போட்டு, ஒரு தள்ளுவண்டியில் தன் உயரத்துக்குப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு. அவள் அவனை முதலில் காணவில்லை. கூட்டத்தைத் துழாவினாள். அவன் கையைத் தூக்கினான், பெயர் சொல்லிக் கூப்பிட்டது ரதிதான்.

கிட்ட வந்து நின்று அவனைத் தலையிலிருந்து கால்வரைக்கும் பார்த்தாள்.

"என்ன அண்ணா, இப்பிடி நரைச்சுப் போனியள்?"

அவன் சிரிக்கப் பார்த்தான். அழுதுவிட்டான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரதி மேலங்கியை அவள் தோளில் போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் வழக்கம்போலக் கையை நீட்டித் தள்ளுவண்டியின் பிடியைப் பிடித்தான்.

"விடுங்கோ. நான் தள்ளுவன்."

பிடித்த கை அப்படியே நின்றது. பிறகு எடுத்துக்கொண்டான். சுகிர்தா வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தாள், கொஞ்சம் வேகமாகவே. அவளுக்குக் கார் நிற்கிற இடம் தெரியாது, இந்த ஊரே தெரியாது. இரண்டு பாதை பிரிகிற இடத்தில் வேகத்தைக் குறைத்தாள்.

"வலப்பக்கம்" என்றான் புவனேந்திரன் பின்னால் நின்று.

அவள் திரும்பிப் பார்க்காமலே வண்டியை வலப்பக்கம் திருப்பினாள்.